கொழுப்பு முப்பத்தொரு சதவீதம்

விரிஞ்சிபுரம்,
ஞாயிறு மத்தியானம்.

அன்புள்ள ஹரிணி அப்பாவுக்கு,

தேவிகா எழுதுகிறேன். நான், உங்கள் மகள், அத்தை, மாமா நால்வரும் நன்றாக இருக்கிறோம். இதில் யார் யாரோடு பேசுகிறோம் என்பது மட்டும் போன மாதம் நாளுக்கு நாள் மாறிக்கொண்டிருந்தது. இப்போது எல்லோரும் எல்லோரோடும் பேசுகிறோம். அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். நீங்கள் கூப்பிட்டவுடன் மாமா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். அத்தை கேமராவுக்கு நேரே உட்கார்ந்துவிடுகிறார்கள். எனக்குக் கிடைப்பது அத்தையின் தோளுக்கு மேலே ஒரு மூலை. அங்கிருந்து "சாப்டீங்களா" என்று கேட்கலாம். தாய்ப்பால், கொழுப்பு, எச்சில் இதையெல்லாம் பேச முடியாது. உங்கள் கம்பெனி ஆபித் பாஷா அண்ணன், தன் தங்கை கல்யாணம் முடிந்து புதன்கிழமை அடிஸ் அபாபாவுக்குத் திரும்புகிறாராம். ஊறுகாய் வாங்கிக்கொள்ள ஆம்பூரிலிருந்து வருகிறார். அப்பளக் கட்டுக்கு நடுவில் இதை வைத்து அனுப்புகிறேன். எழுத்து எங்காவது அழிந்திருந்தால் அது கண்ணீர் இல்லை, ஊறுகாய் எண்ணெய்.

விஷயம் ஹரிணியின் மூன்றாவது தடுப்பூசியில் ஆரம்பித்தது. எடை போட்டுப் பார்த்த நர்ஸம்மா, "கொஞ்சம் கம்மியாத்தான் ஏறியிருக்கு, பயப்பட ஒண்ணுமில்ல, தாய்ப்பாலே நல்லா குடுங்க" என்றார். அத்தையின் காதில் முதல் பாதிதான் விழுந்தது. ஆட்டோவில் வரும்போதே, "அவ இன்னா பண்ணுவா, குச்சி மாதிரி இருக்கா. குச்சியில பால் எங்கேர்ந்து வரும்? லாங் பஜார்ல ஒரு பவுடர் டப்பா வாங்கியாந்துட்டா பேஜாரே இல்ல" என்று டிரைவரிடம் சொல்லிக்கொண்டு வந்தார்கள். டிரைவரும் தன் அக்கா பிள்ளைக்கு எந்த டப்பா கொடுத்தார்கள் என்று சொன்னார்.

அன்றைக்கு நீங்கள் போன் செய்தீர்கள். அத்தை எல்லாம் சொன்னார்கள். "அம்மா சொல்றதையும் கொஞ்சம் கேளேன் தேவி" என்றீர்கள். உங்களுக்கு ஞாபகம் இருக்காது. நான் சரி என்று சொல்லிவிட்டுப் போய், துவைத்துக் காயப்போட்டிருந்த துணியை எடுத்து மறுபடியும் துவைத்தேன்.

எனக்கு மட்டும் பயம் இல்லையா? என் கம்பெனியில் ஒரு ஷூவைக் கையில் எடுத்தால் தையல் எங்கே விட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவேன், அதற்குத்தான் சம்பளம். இங்கே எதைப் பார்த்துச் சொல்வது? பாட்டிலாக இருந்தால் கோடு போட்டிருக்கும், எவ்வளவு இறங்கியது என்று தெரியும். என் மேல் கோடு இல்லை. அவள் குடித்துவிட்டுச் சிரித்தால் வயிறு நிறைந்தது என்று நினைப்பேன். சாயங்காலம் வீறிட்டு அழுதால் அத்தை சொல்வதுதான் உண்மையோ என்று இருக்கும்.

இந்த நேரத்தில்தான் அங்கன்வாடி டீச்சர் மோகனா என்ற பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். வேலூரில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் வேலையாம். தாய்ப்பால் கொடுக்கிற பெண்களின் உடம்பில் கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று கணக்கிடுகிறார்களாம். குழந்தைக்குத் தினம் எவ்வளவு பால் போகிறது என்பதும் அதிலேயே தெரிந்துவிடுமாம். எனக்கு உடனே கையெழுத்துப் போட வேண்டும் போலிருந்தது. அத்தை கதவை அடைக்கிற முகத்தோடு நின்றார்கள். பேச்சுக்கு, "எந்த ஊரும்மா நீ?" என்று கேட்டார்கள். குடியாத்தம் என்றது மோகனா. "குடியாத்தத்துல யார் வூட்டுப் பொண்ணு?" லுங்கித் தறி போடுகிற வீடு, அத்தை பிறந்த தெருவுக்கு அடுத்த தெரு. அவ்வளவுதான், காபி வந்தது. நான் சம்மதம் சொல்வதற்கு முன்பே அத்தை சம்மதித்துவிட்டார்கள்.

வேலூருக்கு எல்லோருமாகப் போனோம். அளக்கிற இடத்தில் ஒரு திரை. உள்ளே நான், அத்தை, மோகனா. மாமா வெளியே எங்களுக்கு முதுகைக் காட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில். மோகனா இடுக்கி மாதிரி ஒன்றை எடுத்து என் கையின் பின்பக்கத்துச் சதையைக் கிள்ளிப் பிடித்தது. தோலுக்கு அடியில் இருக்கிற கொழுப்பு எவ்வளவு தடிமன் என்று அது காட்டுமாம். மோகனா அளவைச் சொல்ல, இன்னொரு பெண் எழுதிக்கொண்டாள்.

அப்போது திரைக்கு வெளியே இருந்து மாமா குரல். "எத்தினி எம்எம் வருது?"

மாமா டேனரியில் தோல் தடிமன் பார்த்து ரிடையர் ஆனவர் என்பது மோகனாவுக்குத் தெரியாது. அந்தப் பெண் பயந்துவிட்டது. அத்தை, "யோவ், அது தோல் இல்ல, உன் மருமவ!" என்று கத்தினார்கள்.

"தெரியும், சும்மா கேட்டேன்" என்றார் மாமா. பிறகு மெதுவாக, "வயித்துப் பக்கம் எடுத்தா கம்மியாத்தான் வரும்" என்றார்.

"அது மாட்டுக்கு சார். புள்ள பெத்தவங்களுக்கு உல்டா" என்றது, அதற்குள் மாமாவின் தொழிலைப் புரிந்துகொண்ட மோகனா. எனக்குச் சிரிப்பு வந்து குலுங்கியதில் இடுக்கி நழுவி, அந்த அளவை மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

அடுத்தது வெறுங்காலோடு ஏறி நிற்கிற மிஷின். எடை மிஷின் மாதிரிதான் இருக்கும். காலுக்குள் துளி கரண்ட் விடுவார்கள். தண்ணீர் இருக்கிற இடத்தில் கரண்ட் சுலபமாக ஓடும், கொழுப்பு தடுக்கும், அதை வைத்துக் கணக்கு. அத்தை என் கையைப் பிடித்து இழுத்துவிட்டார்கள். "கரண்ட் பால்ல எறங்கிட்டா? குழந்த குடிக்கறப்ப ஷாக் அடிக்காதா?" எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில், "நான் ஏறிப் பாக்கறேன். எனக்கு ஒண்ணும் ஆவலன்னா அவ ஏறட்டும்" என்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி நின்றார்கள். உங்கள் அம்மா எனக்காகக் கரண்டில் ஏறி நின்றதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கண்ணை மூடி நம் ஊர் மார்க்கபந்தீஸ்வரரை வேண்டிக்கொண்டு நின்றார்கள். மிஷின் ஒரு நம்பர் காட்டியது. மோகனா அதைப் பார்த்துவிட்டு, யாருக்கும் சொல்லாமல் அவசரமாக அணைத்துவிட்டது.

என் கணக்கு இப்படி வந்தது. இடுக்கிப்படி கொழுப்பு முப்பத்து நாலு சதவீதம். மிஷின்படி இருபத்தெட்டு. ஒரே உடம்புக்கு எப்படி இரண்டு கணக்கு என்று அத்தை கேட்டார்கள். இந்த மிஷின்களெல்லாம் சாதாரண உடம்புக்குப் போட்ட கணக்காம். பிள்ளை பெற்றுப் பால் கொடுக்கிறவர்கள் உடம்பில் தண்ணீரும் கொழுப்பும் மாறிக்கொண்டே இருப்பதால் சரியாக வராதாம். எந்தக் கணக்கு உண்மைக்குப் பக்கத்தில் வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் ஆராய்ச்சியே என்றது மோகனா.

அத்தைக்கு அதெல்லாம் முக்கியமில்லை. "எது எப்படியோ, இவளுக்குக் கொழுப்பு ஜாஸ்தி. அதானே?" என்று கேட்டார்கள். அத்தை திரையை விலக்கி மாமாவிடம், "கேட்டியா? கல்யாணமான மறுநாளே நான் சொன்னேன், இவளுக்குக் கொழுப்புன்னு. நம்பினியா? இப்ப மிஷினே சொல்லுது!" என்றார்கள்.

நானும் விடவில்லை. "குச்சின்னு சொன்னீங்களே அத்த, குச்சிக்கு ஏது கொழுப்பு?" என்று கேட்டேன்.

"அதான் எனக்கும் புரியல. எல்லாம் வாயில இருக்கும் போல" என்றார்கள்.

மோகனாதான் சமாதானம் செய்தது. வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே பாலுக்கென்று உடம்பு சேர்த்து வைக்கிற கொழுப்பு அது, இருக்க வேண்டியதுதான் என்றது. அத்தை யோசித்தார்கள். பிறகு, "அப்ப நான் ஆக்கிப் போட்டது வீண் போவல" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பூண்டுக் குழம்பும் சுறாப் புட்டும் எனக்குள் சதவீதமாக மாறியிருக்கிறது என்பதில் அவர்களுக்கு ஒரே பெருமை.

கடைசியாக ஒரு சின்ன பாட்டிலில் தண்ணீர் கொடுத்தார்கள். கனநீர் என்று பெயர். பார்க்க, குடிக்க எல்லாம் நம் தண்ணீர்தான், எடை மட்டும் கொஞ்சம் கூட. மாமா வெளியே இருந்து, "கனநீரா? அது கல்பாக்கத்துல அணு உலைக்கு ஊத்தறதாச்சே, பேப்பர்ல போட்டிருந்தானே" என்றார். அத்தை பாட்டிலைப் பிடுங்கப் பார்த்தார்கள். மோகனா பொறுமையாக, இதில் கதிர்வீச்செல்லாம் கிடையாது, எல்லாத் தண்ணீரிலும் இது துளித்துளி இருக்கிறது, பாலாற்றுத் தண்ணீரில்கூட இருக்கும் என்றது. "பாலாத்துல தண்ணியே இல்லியே, அதுல கனத்த தண்ணி வேறயா" என்றார்கள் அத்தை. நான் அதற்குள் ஸ்டிராவை வைத்து ஒரு சொட்டு விடாமல் உறிஞ்சிவிட்டேன்.

அந்தத் தண்ணீர் என் உடம்பு முழுக்கக் கலந்து, பால் வழியாகக் குழந்தைக்குப் போகும். இரண்டு வாரம் அவ்வப்போது எங்கள் இருவரின் எச்சிலையும் பஞ்சில் எடுத்துப் பார்த்தால், என்னிடமிருந்து எவ்வளவு அவளுக்குப் போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். நடுவில் தாய்ப்பால் தவிர வேறெதுவும் கொடுக்க வேண்டாம், கொடுத்தால் மறைக்காமல் சொல்லுங்கள் என்றது மோகனா. அத்தை, குழந்தையின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார்கள். மாமா அப்போது டீ குடிக்கப் போயிருந்தார்.

மோகனா வீட்டுக்கு வந்து எச்சில் எடுத்தது தனிக் கூத்து. நான் வாயில் பஞ்சை அதக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், அந்த நேரம் பார்த்துத்தான் தெருவே வந்து நலம் விசாரிக்கும். ஹரிணிக்குக் குச்சியில் சுற்றிய பஞ்சு. மற்ற குழந்தைகள் துப்புமாம். உங்கள் மகள் ஈறால் கவ்விப் பிடித்துக்கொண்டு விடமாட்டாள். மோகனா ஒரு பக்கம் இழுக்க, இவள் ஒரு பக்கம் இழுக்க, கைதட்டாத குறையாக மாமா வேடிக்கை பார்ப்பார்.

ஒரு மாதம் கழித்து முடிவோடு மோகனா வந்தது. என் கொழுப்பு கனநீர்க் கணக்குப்படி முப்பத்தொன்று, இதுதான் சரியான கணக்கு. ஹரிணிக்குத் தினம் போகிற பால் முக்கால் லிட்டருக்கும் மேல். "தாராளமா இருக்குக்கா, கவலப்படாதீங்க" என்றது. நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். முக்கால் லிட்டர்! நம் தெருவில் பால்காரர் யாருக்கும் தினம் அவ்வளவு ஊற்றுவதில்லை.

ஆனால் மோகனா எழுந்து போகவில்லை. தயங்கித் தயங்கி இன்னொன்று சொன்னது. "கொழந்த எச்சில்ல கனநீர் நாங்க எதிர்பார்த்தத விட நீர்த்துப் போயிருக்குக்கா. உங்க பால் இல்லாம வேற ஏதோ தண்ணி உள்ள போயிருக்கு. தெனம் அரை டம்ளருக்கு மேல இருக்கும்."

நான் அத்தையைப் பார்த்தேன். பார்த்தது தப்பு என்று இப்போது தெரிகிறது. ஆனால் பவுடர் டப்பா பேச்சைத் தினம் எடுத்தது யார்? மோகனா போனதும் கேட்டேவிட்டேன். "எனக்குத் தெரியாம இன்னா குடுக்கறீங்க என் கொழந்தைக்கு?" என் கொழந்தை என்று சொன்னது அவர்களுக்குத் தைத்துவிட்டது. "நான் தொட்டுக்கூட குடுக்கல. மார்க்கபந்தீஸ்வரர் சாட்சி" என்றார்கள். அதற்குப் பிறகு என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். சமையலை மட்டும் நிறுத்தவில்லை. சுறாப் புட்டுத் தட்டு டங்கென்று என் முன்னால் வந்து உட்காரும். பூண்டுப் பால் டங்கென்று வரும். அந்த வாரம் வந்த போனில் எங்கள் இருவர் முகமும் ஏன் அப்படி இருந்தது என்று நீங்கள் கேட்டீர்களே, நெட் சரியில்லை என்று மாமா சொன்னார். அவருக்கு எவ்வளவு தெரியும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அத்தை சும்மா இருக்கிறவர்களா? வீட்டில் தானும் கொடுக்கவில்லை, நானும் கொடுக்கவில்லை என்றால் மிச்சம் யார் என்று யோசித்திருக்கிறார்கள். சாயங்காலம் மாமா ஹரிணியைத் தூக்கிக்கொண்டு கோயில் பக்கம் காற்று வாங்கப் போவாரே, ஒருநாள் பின்னாலேயே போயிருக்கிறார்கள். மாமா கோயிலுக்குப் போகவில்லை. பைபாஸ் ஓரத்தில் இளநீர் வண்டிக்குப் போயிருக்கிறார். ஒரு இளநீர் வெட்டச் சொல்லி, சட்டைப் பையிலிருந்து பாலாடைச் சங்கை எடுத்து, குழந்தையை மடியில் சாய்த்து, ஒவ்வொரு வாயாக ஊட்டியிருக்கிறார். பேத்தி சப்புக் கொட்டியிருக்கிறாள். வண்டிக்காரர், "இன்னா பெரியவரே, பாப்பா இன்னிக்கி லேட்டு" என்று கேட்டாராம்.

அத்தை அங்கேயே பிடித்துக்கொண்டார்கள். வழி நெடுகத் திட்டிக்கொண்டு வந்தது, வீட்டில் இருந்த எனக்கு முதலில் குரலாகத்தான் வந்து சேர்ந்தது. மாமா தலைகுனிந்து முன்னால் நடக்க, அத்தை ஒரு கையில் குழந்தையும் ஒரு கையில் பாலாடையுமாக வந்து, பாலாடையை என் முன்னால் வைத்தார்கள். பல நாள் கழித்து என்னிடம் பேசினார்கள். "பாத்துக்கோ. உன் அரை டம்ளர்."

மாமாவிடம் ஏன் என்று கேட்டேன். மெதுவாகச் சொன்னார். "கொழந்த அழுதா நீங்க ரெண்டு பேரும் சண்ட போட்டுக்கறீங்க. எனக்குப் பாக்க முடியல. இளநி ஊத்தினா அழ மாட்டேங்குது. வெயிலு வேற. சுத்தமான பொருள்தானேன்னு நெனச்சேன்." சாயங்கால அழுகைக்குப் பாதிக் காரணமே அந்த இளநீராக இருக்கலாம், வயிற்றில் இளநீரை ரொப்பிக்கொண்டு வந்தால் பால் எப்படிக் குடிப்பாள் என்று மோகனா போனில் சொன்னது. அதைக் கேட்டு மாமா அன்றைக்குச் சாப்பிடவில்லை. அத்தைதான் தட்டை டங்கென்று வைத்து மிரட்டிச் சாப்பிட வைத்தார்கள். இளநீரை நிறுத்தியதிலிருந்து எடையும் நன்றாக ஏறுகிறது.

நான் அத்தையிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் அப்போது சுறாவை வேகவைத்துத் தோலுரித்து உதிர்த்துக்கொண்டிருந்தார்கள். நிமிராமலே, "வுடு" என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவர்களாகவே பேசினார்கள். நீங்கள் பிறந்து மூன்றாம் மாசம், நீங்கள் ஓயாமல் அழுகிறீர்கள் என்று வீட்டில் பெரியவர்கள் எல்லோரும் கூடி, இவளுக்குப் பால் இல்லை என்று முடிவு கட்டிவிட்டார்களாம். அன்றைக்கே பாட்டில் வந்துவிட்டதாம். "எனக்குக் கட்டிக்கிட்டு வலிக்கும். துணிய நனைக்கும். அப்பவும் பால் இல்லன்னே சொன்னாங்க. நானும் நம்பிட்டேன். என் புள்ள நவநீதன் ஸ்கூல்ல வத்தலா நிப்பான், போட்டோவுல பாத்தாகூட என்னாலதான்னு தோணும். எனக்கு அப்ப யாரும் வந்து அளந்து சொல்லலியே" என்றார்கள். கையில் சுறா இருந்ததால் முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்து நானும் உதிர்த்தேன். பிறகு, "அத்த, அன்னிக்கி மிஷின்ல உங்களுக்கு இன்னா நம்பர் வந்துச்சுன்னு மோகனாவ கேக்கட்டுமா?" என்றேன். "கொழுப்பப் பாரு" என்று சொல்லிச் சிரித்துவிட்டார்கள்.

நீங்கள் இதை அவர்களிடம் கேட்க வேண்டாம். ஆனால் அடுத்த முறை பேசும்போது, சின்ன வயதில் நீங்கள் நன்றாகத்தான் வளர்ந்தீர்கள் என்று ஏதாவது ஒரு சாக்கில் சொல்லுங்கள்.

அடுத்த மாதம் லீவு முடிந்து வேலைக்குப் போகிறேன். காலையில் பால் எடுத்து வைத்துவிட்டுப் போனால் அத்தை பார்த்துக்கொள்வார்கள். மோகனாவிடம் எல்லாம் கேட்டுக் கற்றுக்கொண்டார்கள், இப்போது தெருவில் மற்ற மருமகள்களுக்கு அவர்கள்தான் டாக்டர். பவுடர் டப்பா பேச்செடுத்த ஒரு மாமியாரை அத்தை வாசலிலேயே நிறுத்தி வைத்து விசாரித்தார்கள்.

உங்கள் லீவு தள்ளிப் போகிறது என்று ஆபித் பாஷா அண்ணன் போனில் சொன்னார். நீங்கள் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று இருந்திருப்பீர்கள். கோபம் இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். ஹரிணிக்கு இப்போது ஆள் அடையாளம் தெரிகிறது. நீங்கள் போனில் வந்தால் இரண்டு கையாலும் பிடித்து உங்கள் கன்னத்தை நக்குகிறாள். பேசி முடித்து வைத்தபின் போனைத் திருப்பித் திருப்பிப் பின்பக்கம் தேடுகிறாள். நீங்கள் ஒரு பக்கம் மட்டும் உள்ள ஆள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். உங்களுக்கு முதுகு இருக்கிறது, தோள் இருக்கிறது, அதில் ஏறலாம் என்றெல்லாம் நான் சொன்னால் நம்பமாட்டாள். நீங்களே வந்து காட்டினால்தான் உண்டு.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்,
தேவிகா